நீரைப் போற்றவும் காக்கவும் இளையோருக்குக் கற்றுத்தருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆசிரியர்கள், பெற்றோர், மாணவர் மன்றங்களை நடத்துபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. எல்லாப் பதிலுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது: தன் கையால் அளந்து பார்த்த நீரைப் பிள்ளைகள் வீணாக்கத் தயங்குவார்கள். அதனால் மேடைப் பேச்சுக்கான குறிப்புகளைவிட வாளி, அளவுக் குவளை, கடிகாரம், நீர் மீட்டர் ஆகியவற்றுக்கான குறிப்புகளே இங்கே அதிகம்.

முழக்கம், ஓவியப் போட்டி, உறுதிமொழி எல்லாம் ஏற்கெனவே நடத்துகிறோம். அது போதாதா?

போதாது. உலக நீர் நாள் 1993 முதல் ஆண்டுதோறும் மார்ச் 22 அன்று கடைப்பிடிக்கப்படுகிறது. அன்றைக்குப் பிள்ளைகள் வரையும் படங்களில் சொட்டும் குழாயும் அழுகிற பூமியும்தான் பெரும்பாலும் இருக்கும். வரைந்த பிள்ளையிடமே "உங்கள் வீட்டுக் குழாய்க்கு நீர் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "தொட்டியிலிருந்து" என்பதோடு பதில் நின்றுவிடும். நீர் முக்கியம் என்பது ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். தெரியாதவை மூன்று: நமக்கு நீர் எங்கிருந்து வருகிறது, ஒரு நாளில் எவ்வளவு செலவாகிறது, பயன்படுத்திய பிறகு எங்கே போகிறது.

போட்டியும் விழாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றைத் தொடக்கமாக வைக்காமல், மூன்று மாத வேலையின் முடிவாக வையுங்கள். பிள்ளைகள் தாங்கள் எடுத்த அளவுகளை அன்றைக்குச் சுவரில் ஒட்டட்டும்.

எந்த வயதில் எதைச் சொல்லித்தருவது?

ஐந்து முதல் ஏழு வயது வரை ஊற்றுவது, நிரப்புவது, சிந்தாமல் தூக்குவது போதும். இரண்டு லிட்டர் பாத்திரத்தை இருபது அடி தூரம் சுமந்து சென்று கொட்டச் சொன்னால், நீருக்கு எடை உண்டு என்பது கையிலேயே பதியும். லிட்டர் என்ற சொல்லுக்கு அந்த வயதில் வேறு பொருள் வேண்டியதில்லை.

எட்டு முதல் பதினொன்று வரை அளக்கும் வயது. வீட்டு நீர்க்கணக்கு, மழைமானி, வடிகட்டி, நிலத்தடி நீர் மாதிரி எல்லாம் இவர்களுக்கு நன்றாகப் பொருந்தும். எண்களை விரும்பி எழுதுவார்கள், ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்ப்பார்கள்.

பன்னிரண்டுக்கு மேல் "ஏன்" என்று கேட்பார்கள். யார் எவ்வளவு எடுக்கிறார்கள், யாருக்குக் கிடைப்பதில்லை, யார் அழுக்காக்குகிறார்கள் என்ற கேள்விகளை இவர்களிடமிருந்து மறைக்கக் கூடாது. பதினைந்து வயதுக்காரர்களிடம் இன்னும் 'பல் துலக்கும்போது குழாயை மூடு' என்பதை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால் அவர்கள் விலகிப் போவார்கள், அது நியாயம்தான். அவர்களிடம் ஒரு பொறுப்பைக் கொடுங்கள்: பள்ளியின் மாத நீர்க் கணக்கு, கரையோர நீர்ச் சோதனை, இளைய வகுப்புக்குப் பாடம் நடத்துவது.

"உலகில் நீர் தீர்ந்துகொண்டே வருகிறது" என்று சொல்லலாமா?

அப்படிச் சொல்ல வேண்டாம், அது தவறு. பூமியின் மொத்த நீர் ஏறக்குறைய மாறாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. குறைவது, தேவைப்படும் இடத்தில் தேவைப்படும் நேரத்தில் கிடைக்கும் தூய நீர். நீர்ச் சுழற்சியைப் படித்த பிள்ளை இந்த முரணைக் கண்டுபிடித்துவிட்டால், அதன்பின் நீங்கள் சொல்லும் மற்றதையும் நம்பாது.

இதைக் காட்ட ஒரு லிட்டர் நீரும் டிராப்பரும் போதும். அந்த ஒரு லிட்டர்தான் உலகத்தின் எல்லா நீரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 25 மி.லி. மட்டும் தனியே எடுங்கள். நன்னீர் அவ்வளவுதான். மீதி 975 மி.லி. உப்பு நீர், ஒரு கரண்டி உப்பைப் போட்டுக் கலக்கிவிடலாம். எடுத்த 25 மி.லி.யில் ஏறத்தாழ 17.2 மி.லி. பனிப்பாறையாக உறைந்திருக்கிறது, 7.5 மி.லி. நிலத்தடியில் இருக்கிறது. எஞ்சுவது 0.3 மி.லி., ஆறு துளி. அதிலும் உறைமண், மண் ஈரம், காற்றின் ஈரம் போக, உலகின் எல்லா ஏரிகளும் ஆறுகளும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு துளி. அந்தத் துளியைப் பிள்ளையின் உள்ளங்கையில் விடுங்கள். அப்போது வகுப்பு தானாகவே அமைதியாகும்.

உடனே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஒரு துளி மழையால் மீண்டும் மீண்டும் நிரம்புகிறது, நிலத்தடி நீரையும் நாம் எடுக்கிறோம். இதைச் சொல்லாமல் விட்டால் 'ஒரு துளிதான் இருக்கிறது, அதுவும் முடியப்போகிறது' என்ற பயத்தோடு பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள்.

வீட்டு நீர்க்கணக்கை எப்படி எடுப்பது?

ஏழு நாள் எடுக்க வேண்டும். ஒரு நாள் கணக்கு எதற்கும் உதவாது, ஏனென்றால் துணி துவைக்கும் நாளும் துவைக்காத நாளும் மிகவும் வேறுபடும்.

முதலில் ஒவ்வொரு குழாயின் வேகத்தையும் அளக்க வேண்டும். வழக்கமாகத் திறக்கும் அளவுக்குத் திறந்து, பத்து நொடி மட்டும் ஒரு பாத்திரத்தில் பிடித்து, அளந்து, ஆறால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வரும். பத்து நொடியில் ஒரு லிட்டர் வந்தால் நிமிடத்துக்கு 6 லிட்டர். இரண்டு நிமிடம் குழாயைத் திறந்துவைத்தே பல் துலக்கினால் 12 லிட்டர். அதே வேலைக்குக் குவளையில் 250 மி.லி. போதும். இந்த இரண்டு எண்களையும் பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் சொல்லிவிட்டால் அது இன்னொரு அறிவுரையாகிவிடும். பிடித்த நீரைக் கொட்டிவிடாமல் பயன்படுத்துங்கள், பிள்ளைகள் அதையும் கவனிப்பார்கள்.

கழிப்பறை ஃபிளஷ் தொட்டியை அளப்பதில்தான் பலரும் தடுமாறுவார்கள். தொட்டிக்கு நீர் வரும் வால்வை மூடுங்கள். உள்ளே நீர்மட்டத்தைப் பென்சிலால் குறியுங்கள். ஒருமுறை ஃபிளஷ் செய்யுங்கள். பிறகு ஒரு லிட்டர் குவளையால், எண்ணிக்கொண்டே, குறி வரைக்கும் நிரப்புங்கள். பழைய தொட்டிகளில் 9 முதல் 13 லிட்டர் வரை போகும். புதிய இரட்டைப் பொத்தான் தொட்டிகளில் முழு ஃபிளஷுக்கு 6, பாதிக்கு 3 லிட்டர் அளவில் இருக்கும்.

அடுத்து, குளியலறை, சமையலறை, கழிப்பறை ஒவ்வொன்றிலும் கதவருகே ஒரு தாளும் கயிற்றில் கட்டிய பென்சிலும் தொங்கட்டும். பயன்படுத்துபவர் ஒரு கோடு போட வேண்டும், அவ்வளவுதான். நிமிடம், லிட்டர் என்று எழுதச் சொன்னால் இரண்டாம் நாளே யாரும் எழுத மாட்டார்கள். வாரக் கடைசியில் கோடுகளை எண்ணி லிட்டராக்குவது பிள்ளையின் வேலை.

கணக்கு தவறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, வீட்டுக்கு வெளியே செலவாகும் நீர் (செடி, வண்டி கழுவுதல், தொட்டி நிரம்பி வழிவது) எழுதப்படுவதில்லை. இரண்டு, எல்லோரும் கவனமாக இருப்பதால் கணக்கெடுக்கும் வாரத்தில் செலவே குறைந்துவிடும். மீட்டர் இருந்தால் வாரத் தொடக்கத்திலும் முடிவிலும் அதைக் குறித்துக்கொண்டு, கோடுகளின் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால் எழுதாமல் விட்டது எது, கசிவது எது என்று தேடத் தொடங்கலாம். பிள்ளைகள் இந்தத் தேடலை மிகவும் விரும்புவார்கள்.

கசிவைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், பெரியவர்களைவிடப் பொறுமையாகவே செய்வார்கள். சொட்டும் குழாயின் கீழ் அளவுக் குவளையைப் பத்து நிமிடம் வைத்து, வந்ததை 144-ஆல் பெருக்கினால் ஒரு நாள் கணக்கு வரும். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் பத்து நிமிடத்தில் ஏறக்குறைய 30 மி.லி., நாளுக்கு 4.3 லிட்டர். பெரும்பாலும் காரணம் தேய்ந்த வாஷர்தான். குழாயை இன்னும் இறுக்கி மூடினால் வாஷர் மேலும் நசுங்கி, கசிவு கூடும்.

ஃபிளஷ் தொட்டியின் கசிவு சத்தமில்லாமல் நடக்கும். தொட்டி நீரில் சில துளி நிறச்சாயம் விட்டு, அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் காத்திருங்கள். கீழே கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் அடி ரப்பர் இறுகிப் போயிருக்கிறது, அல்லது மிதவை அளவுக்கு மேல் ஏறி நீர் வழிகிறது.

பள்ளியில் செய்ய வேண்டியது விடுமுறை மீட்டர் சோதனை. வெள்ளி மாலை 5 மணிக்கும் திங்கள் காலை 8 மணிக்கும் மீட்டரைப் படியுங்கள். இடைப்பட்டது 63 மணி நேரம். யாருமே இல்லாத அந்த நேரத்தில் 1,260 லிட்டர் ஓடியிருந்தால் மணிக்கு 20 லிட்டர், நாளுக்கு 480 லிட்டர் எங்கோ போகிறது என்று பொருள். முடிவுக்கு வருமுன் இரண்டைச் சரிபாருங்கள்: வெள்ளி மாலை மேல்நிலைத் தொட்டி முழுதாக நிரம்பியிருந்ததா, தோட்டத்துக்குத் தானாக நீர் பாய்ச்சும் கருவி எதுவும் ஓடியதா. தொட்டிக்குப் பிறகு வரும் குழாய்களில் கசிவு இருந்தால் மிதவை வால்வு விட்டுவிட்டுத்தான் திறக்கும். மீட்டர் முன்னால் பத்து நிமிடம் நின்று 'ஓடவில்லை' என்று சொல்லிவிட முடியாது. அதற்காகத்தான் இவ்வளவு நீண்ட இடைவெளி.

நிலத்தடி நீரைக் கண்ணால் காட்ட ஒரு வழி உண்டா?

உண்டு. ஒரே ஒரு செய்முறைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள். பூமிக்குள் ஒரு பெரிய ஏரியோ ஓடும் ஆறோ இருக்கிறது என்றுதான் பிள்ளைகள் (பெரியவர்களும்) நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதை முதலில் கலைக்க வேண்டும். 500 மி.லி. குவளை நிறையக் கூழாங்கல் போட்டு, "இது நிரம்பிவிட்டதா?" என்று கேளுங்கள். பிறகு நீர் ஊற்றுங்கள். ஏறத்தாழ 200 மி.லி. உள்ளே போகும். கற்களுக்கு இடையே உள்ள அந்த இடத்தில்தான் நிலத்தடி நீர் இருக்கிறது.

அடுத்து மாதிரி. சுமார் 30 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரமுள்ள கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வேண்டும். நன்றாகக் கழுவிய சிறு கூழாங்கல் (5 முதல் 10 மி.மீ.), கழுவிய பெருமணல், திரவ சோப்பு பாட்டிலின் அழுத்தும் பம்பு, அது நுழையும் அளவுக்கு ஒரு ஒளிபுகும் குழாய், பழைய நைலான் சாக்ஸின் ஒரு துண்டு, உணவு நிறச்சாயம் ஆகியவையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

குழாயின் அடிவாயை நைலானால் கட்டி, பெட்டியின் ஒரு மூலையில், வெளியிலிருந்து தெரியும்படி சுவரை ஒட்டி நிறுத்துங்கள். இதுதான் கிணறு. சுற்றிலும் 5 செ.மீ. கூழாங்கல், அதன்மேல் 6 செ.மீ. மணல். எதிர் மூலையில் மணலைக் குழித்து, குழியின் அடி கூழாங்கல்லைத் தொடும் அளவுக்கு ஒரு பள்ளம் செய்யுங்கள். மணலை அழுத்த வேண்டாம். பிள்ளைகள் கை வைத்தாலே அழுத்துவார்கள், அழுத்திய மணலில் நீர் இறங்க வெகுநேரம் ஆகும். பிறகு மெதுவாக நீர் ஊற்றுங்கள். ஒன்றரை லிட்டர் அளவில் பள்ளத்தில் நீர் தேங்கத் தொடங்கும். அதுதான் குளம். கிணற்றிலும் குளத்திலும் மட்டம் ஒன்றாக இருப்பதைப் பெட்டிச் சுவரில் ஒரு கோடு போட்டுக் காட்டுங்கள்.

இனி ஒரு பிள்ளை பம்பை அழுத்தட்டும், இன்னொரு பிள்ளை குளத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கட்டும். 300 மி.லி. எடுப்பதற்குள் மட்டம் ஏறக்குறைய 2 செ.மீ. இறங்கும், குளம் வற்றிவிடும். குளத்திலிருந்து யாரும் ஒரு சொட்டும் எடுக்கவில்லை. ஆழ்குழாய்க் கிணறு எடுக்கும் நீருக்கும் பக்கத்து ஓடை வறண்டு போவதற்கும் உள்ள தொடர்பை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டாது.

எடுத்த நீரை, அடியில் துளையிட்ட டப்பாவால் மழைபோலத் தூவினால் மட்டம் ஏறும். அடுத்த முறை மேற்பரப்பில் பாதியைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, அதன் ஓரத்தைப் பெட்டிக்கு வெளியே ஒரு தட்டில் வடியும்படி சாய்த்துவிட்டு அதே மழையைப் பெய்யுங்கள். தட்டில் விழுந்ததை அளந்தால், கான்கிரீட் போட்ட தரை எவ்வளவு நீரை உள்ளே விடாமல் விரட்டுகிறது என்பது மி.லி. கணக்கில் கிடைக்கும்.

கடைசியில் கிணற்றுக்கு ஒரு சாண் தள்ளி மணலில் பத்துத் துளி சாயம் விட்டு, மேலே நீர் தூவிக்கொண்டே பம்பை அழுத்துங்கள். நிறம் கிணற்றுக்கு வரும். "சரி, இப்போது இதைச் சுத்தம் செய்யுங்கள்" என்று சொல்லுங்கள். நிறம் போகும் வரை எத்தனை குவளை நல்ல நீர் ஊற்றி எடுக்க வேண்டியிருக்கிறது என்று அவர்கள் எண்ணட்டும். அழுக்காக்கப் பத்துத் துளி போதும் என்பதையும் துப்புரவுக்கு எத்தனை குவளை ஆயிற்று என்பதையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

வழக்கமாக வரும் கோளாறுகள்: கழுவாத மணல் போட்டால் எல்லாம் கலங்கி எதுவும் தெரியாது. பம்பில் காற்று மட்டும் வந்தால் அதன் உறிஞ்சுகுழல் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கிறது, நீளமான குழல் மாட்டுங்கள். மெல்லிய மணல் நைலானை அடைத்துவிட்டால் குழாயின் அடியைச் சுற்றி இன்னும் கொஞ்சம் கூழாங்கல் சேருங்கள். களிமண் கலந்திருந்தால் சாயம் அதில் ஒட்டிக்கொண்டு போகவே போகாது.

பாட்டில் வடிகட்டி செய்யச் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் பாதியில் நிறுத்தக் கூடாது. பெரும்பாலும் பாதியில்தான் நிறுத்துகிறார்கள். அடிப்பக்கம் வெட்டிய பாட்டிலைக் கவிழ்த்து, வாயில் துணி கட்டி, 3 செ.மீ. தூளாக்கிய கரி, 8 செ.மீ. மணல், 4 செ.மீ. ஜல்லி போட்டு, கலங்கல் நீரை ஊற்றினால் தெளிந்து வரும். முதலில் கறுப்பாக வந்தால் கரியைக் கழுவவில்லை என்று பொருள். தெளிந்த நீரைப் பார்த்ததும் பிள்ளைகள் கைதட்டுவார்கள், "குடிக்கலாமா?" என்றும் கேட்பார்கள்.

பாடம் தொடங்குவதே அந்தக் கேள்வியில்தான். குடிக்கக் கூடாது, யாரையும் குடிக்க விடவும் கூடாது. அதே வடிகட்டியில் ஒரு கரண்டி உப்புக் கரைத்த நீரை ஊற்றி, முன்னும் பின்னும் டிடிஎஸ் மீட்டரால் (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் கருவி) அளக்கச் சொல்லுங்கள். எண் பெரிதாக மாறாது. மணல் மண்ணைத்தான் பிடிக்கும், கரைந்த உப்பைப் பிடிக்காது. நோய்க்கிருமிகளை நம்பும்படி நீக்காது. டிடிஎஸ் மீட்டரும் கிருமியைக் காட்டாது. குறைந்த எண் என்றால் பாதுகாப்பான நீர் என்று பல வீடுகளில் நம்புகிறார்கள், அந்த நம்பிக்கையையும் இங்கேயே திருத்திவிடலாம்.

பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் 1854-இல் லண்டனில் நடந்ததைச் சொல்லுங்கள். பிராட் தெருவின் கைப்பம்பைச் சுற்றிக் காலரா பரவி அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அருகிலிருந்த கழிவுக்குழி அந்தக் கிணற்றுக்குள் கசிந்திருந்தது. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், இறந்தவர்களின் வீடுகளையும் அவர்கள் எந்தப் பம்பில் நீர் பிடித்தார்கள் என்பதையும் தேடிப்போய்க் குறித்து, காரணத்தைக் கண்டார். பம்பின் கைப்பிடி செப்டம்பர் 8 அன்று கழற்றப்பட்டது. பிள்ளைகள் கையில் ஒரு வரைபடத்தையும் புள்ளிகளையும் கொடுத்துத் தாங்களே கண்டுபிடிக்கச் சொன்னால் இன்னும் நல்லது.

கிருமி நீக்க என்ன வழி என்று கேட்டால்: நீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட வேண்டும், 2,000 மீட்டருக்கு மேலான மலையில் மூன்று நிமிடம். கொதித்ததை மூடி வைக்காமல் அழுக்குக் குவளையை விட்டு மொண்டால் செய்ததெல்லாம் வீண்.

மழையை அளக்க வைப்பதால் என்ன பயன்?

மழை பற்றிய செய்தி அவர்களுக்குக் கணக்காக மாறும். ஒரு மி.மீ. மழை ஒரு சதுர மீட்டரில் விழுந்தால் ஒரு லிட்டர். 80 சதுர மீட்டர் கூரையில் 20 மி.மீ. பெய்தால் 1,600 லிட்டர். ஆவியாவது, தெறிப்பது போக பத்தில் எட்டுப் பங்கு என்ற கணக்கில், அதாவது 0.8-ஆல் பெருக்கினால், 1,280 லிட்டர் சேமிக்கலாம். முதல் ஒன்றிரண்டு மி.மீ. கூரையின் தூசியையும் எச்சத்தையும் கழுவி வருவதால் அதைத் தொட்டிக்குள் விடக் கூடாது. மழைமானிக்கு நேரான சுவருள்ள பாட்டில் வேண்டும். அடி குழிந்த பாட்டில் என்றால் குழிவு மறையும் வரை கல்லும் நீரும் போட்டு, அந்த மட்டத்தைப் பூஜ்யமாகக் குறியுங்கள். மரத்தடியிலோ சுவரோரத்திலோ வைத்தால் அளவு தப்பு.

ஆற்றங்கரைக்கோ குளத்துக்கோ அழைத்துப் போனால் எதை அளப்பது?

குறைவாக அளந்து, அடிக்கடி போங்கள். ஒரே நாளில் பத்துச் சோதனை செய்வதைவிட, ஓராண்டு முழுக்க மாதம் ஒருமுறை நான்கு சோதனை செய்வது மேல். வெப்பநிலை, தெளிவு, பிஎச் (நீரின் அமில, காரத் தன்மை), கரைந்த ஆக்சிஜன் இந்த நான்கும் போதும்.

தெளிவை அளக்க 20 செ.மீ. விட்டமுள்ள, நான்காகப் பிரித்துக் கறுப்பு வெள்ளை அடித்த தட்டு போதும். இத்தாலியரான ஆஞ்சலோ செக்கி 1865-இல் பயன்படுத்திய முறையிலிருந்து வந்தது இது. கயிற்றில் பத்து செ.மீ.க்கு ஒரு முடிச்சுப் போட்டு, தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தையும், மேலே தூக்கும்போது மீண்டும் தெரியும் ஆழத்தையும் குறித்துச் சராசரி எடுங்கள். வெயில் நீரில் பளபளக்காத நிழல் பக்கமாக நின்று பார்க்க வேண்டும். தட்டில் கனம் போதாவிட்டால் சாய்ந்து மிதக்கும், அடியில் ஒரு கல் கட்டுங்கள்.

ஆக்சிஜனைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 20 டிகிரி செல்சியஸ் நன்னீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மி.கி. வரை கரையும், 30 டிகிரியில் 7.5 மி.கி.தான். 5-க்குக் கீழே போனால் பல மீன்கள் திணறும், 2-க்குக் கீழே பெரும்பாலானவை பிழைக்காது. ஆனால் பாசி மிகுந்த குளத்தில் பிற்பகலில் எண் மிக நன்றாக இருக்கும், விடியற்காலையில் அடிமட்டத்துக்குப் போகும். பகலில் பாசி ஆக்சிஜனைத் தருகிறது, இரவெல்லாம் மூச்சுவிட்டு அதையே செலவழிக்கிறது. ஆகவே போன மாதம் மாலையில் எடுத்ததையும் இந்த மாதம் காலையில் எடுத்ததையும் ஒப்பிட்டு 'நீர் கெட்டுவிட்டது' என்று எழுதக் கூடாது. எப்போதும் ஒரே நேரம், ஒரே இடம்.

கருவிகளைவிடப் பிள்ளைகளை ஈர்ப்பது பூச்சிகள்தான். ஆழமில்லாத ஓடையில் ஒரு மி.மீ. கண்ணுள்ள வலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, வலைக்கு முன்னால் உள்ள கற்களைக் காலால் மூன்று நிமிடம் கலைத்துவிடுங்கள். வலையில் சிக்கியதை, 2 செ.மீ. நீர் உள்ள வெள்ளைத் தட்டில் கவிழ்த்துவிட்டு இரண்டு நிமிடம் அசையாமல் இருங்கள். முதலில் வெறும் சருகு போலத்தான் தெரியும். பிறகு ஒரு சருகு நடக்கும். மூன்று வால் நூல்களோடு, வயிற்றின் இரு பக்கமும் செவுள்கள் படபடக்க நெளிந்து போவது மேஃபிளை இளம்பூச்சி. மணல் துகள்களை ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டு அதைச் சுமந்தே நகர்வது கேடிஸ்ஃபிளை. இவை நன்றாக இருந்தால் நீரில் ஆக்சிஜனுக்குக் குறைவில்லை எனலாம். இரத்தச் சிவப்பில் நெளியும் புழுக்கள் மட்டுமே நிறைய இருந்தால் கவலைப்பட வேண்டும். அவற்றின் உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் பிழைக்கும். ஓடைக்கான இந்த அளவுகோலைத் தேங்கிய குளத்துக்கு அப்படியே பொருத்த வேண்டாம். பார்த்து முடித்ததும் எல்லா உயிரையும் எடுத்த இடத்திலேயே விடுவது பாடத்தின் ஒரு பகுதி.

கரையோரத் துப்புரவு நடத்தினால் பலன் உண்டா?

பொறுக்கியதை எண்ணினால் உண்டு. பாட்டில், பை, உறை, துணி, வலை என்று வகை பிரித்து எண்ணினால் குப்பை எங்கிருந்து வருகிறது என்று தெரியும், அதைப் பொறுப்பானவர்களிடம் எடுத்துச் செல்லலாம். எண்ணாமல் அள்ளினால் அடுத்த மாதமும் அதையே அள்ளுவீர்கள். கரையிலுள்ள நாணலையும் புதரையும் 'சுத்தம்' என்ற பெயரில் வெட்டிவிடுவது மிகப் பெரிய தவறு. மண்ணைப் பிடித்துவைத்திருப்பதும் மழைநீரில் வரும் வண்டலை வடிகட்டுவதும் மீன்குஞ்சுகளுக்கு நிழல் தருவதும் அவைதான்.

பாதுகாப்புக்கு என்ன செய்ய வேண்டும்?

இதில் சமரசமே கூடாது. ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், அந்தப் பெரியவர்களில் ஒருவருக்கு வேறு வேலை எதுவும் கொடுக்காமல் கண்காணிப்பு மட்டும். குழுவில் மிகக் குட்டையான பிள்ளையின் முழங்காலுக்கு மேல் ஆழம் இருந்தால் இறங்க வேண்டாம். வேகமாக ஓடும் நீர் 15 செ.மீ. ஆழம் இருந்தாலே பெரியவரையும் சாய்த்துவிடும். இங்கே வெயில் அடித்தாலும் மேலே மழை பெய்திருந்தால் நீர் திடீரென்று உயரும். நீர் சட்டென்று கலங்கினாலோ சருகு மிதந்து வந்தாலோ உடனே வெளியேறுங்கள். புறப்படுமுன் முதல்நாள் போய் இடத்தைப் பார்த்துவிடுங்கள். காயம் உள்ள பிள்ளை கரையிலிருந்து குறிப்பெழுதட்டும். திரும்பியதும் சோப்பால் கை கழுவாமல் யாரும் எதையும் சாப்பிடக் கூடாது.

சிக்கனம் என்று சொல்லிப் பிள்ளைகள் கை கழுவுவதையும் நீர் குடிப்பதையும் குறைத்தால்?

அப்படி நடக்கிறது. "குறைவாகப் பயன்படுத்தியவருக்குப் பரிசு" என்று போட்டி வைத்தால் கட்டாயம் நடக்கும். அந்தப் போட்டி வேண்டாம். குடிக்க, சமைக்க, உடல் தூய்மைக்கு என ஒருவருக்கு நாளுக்கு 50 முதல் 100 லிட்டர் தேவை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. பாதுகாப்பான குடிநீர் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை 2010 ஜூலை 28 அன்று ஏற்றுக்கொண்டது. குறைக்க வேண்டியது யாருக்கும் பயன்படாமல் ஓடுவதை மட்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். கையில் சோப்பு தேய்க்கும் இருபது நொடி குழாய் மூடியிருக்கட்டும், தேய்ப்பதும் கழுவுவதும் குறைய வேண்டாம்.

"உலக நீரில் பெரும்பகுதி விவசாயத்துக்குப் போகிறதாமே, நான் குழாயை மூடி என்ன ஆகப்போகிறது?" என்று கேட்கிறார்கள்.

நல்ல கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். மனிதர் எடுக்கும் நன்னீரில் ஏறக்குறைய 70 விழுக்காடு விவசாயத்துக்குப் போவது உண்மை. ஆனால் உங்கள் ஊர் நீர்த்தேக்கமும் அதைச் சுத்திகரித்துக் குழாய்க்குக் கொண்டுவரும் மின்சாரமும் உங்கள் ஊர்க் கணக்குதான். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் வறட்சியில் 2018 பிப்ரவரி முதல் ஒருவருக்கு நாளுக்கு 50 லிட்டர் என்று வரம்பு வைத்தது. அந்த வறட்சிக் காலத்தில் நகரத்தின் நுகர்வு பாதிக்கு மேல் குறைந்தது, குழாய்களை முற்றிலும் மூடும் நாள் வராமல் தவிர்க்கப்பட்டது.

அதோடு, நாம் வாங்கும் பொருள்களுக்குள்ளும் நீர் இருக்கிறது. ஒரு பருத்திச் சட்டைக்கு உலகச் சராசரியாக ஏறக்குறைய 2,500 லிட்டர். இதில் வயலில் விழும் மழையும் அடக்கம், எல்லாம் குழாய் நீர் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் எண் ஏமாற்றும். இருக்கும் சட்டையை இன்னொரு வருடம் போடுவது எத்தனை நாள் குளியலுக்குச் சமம் என்று அவர்களே கணக்கிடட்டும்.

பயமுறுத்தாமல் எப்படிச் சொல்வது?

கெட்ட செய்தி ஒன்று சொன்னால், அதே வகுப்பில் செய்யக்கூடிய வேலை ஒன்றையும் கொடுங்கள். மீண்டு வந்த நதிகளைப் பற்றியும் பேசுங்கள். லண்டனின் தேம்ஸ், 1957-இல் உயிரற்ற ஆறு என்றே சொல்லப்பட்டது. கழிவுநீர் நிலையங்களை மேம்படுத்திய பிறகு மீன்கள் திரும்பின, 1974-இல் சால்மன் கிடைத்தது. இரண்டுக்கும் இடையே எத்தனை வருடம் என்று பிள்ளைகளையே கழிக்கச் சொல்லுங்கள். ஆறு மீளும், ஆனால் நாள் பிடிக்கும்.

முதல் வாரம் இருக்கும் ஆர்வம் பிறகு காணாமல் போகிறதே?

காரணம் பெரும்பாலும் பெரியவர்கள்தான். பிள்ளை கண்டுபிடித்துச் சொன்ன கசிவு மூன்று வாரமாகியும் சரிசெய்யப்படாவிட்டால், அது இனி எதையும் சொல்லாது. கணக்கெடுப்பைத் தொடங்குமுன்பே வாஷர் மாற்றுவது யார், எத்தனை நாளில் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பெரிய பிள்ளைகள் வாஷரைத் தாங்களே மாற்றலாம்: பிரதான வால்வை மூடுவது, குழாயைத் திறந்து மீதி நீரை வடிப்பது, தலைப்பகுதியைக் கழற்றுவது, அதே அளவு வாஷர் போடுவது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்றால் போதும்.

வேலைக்கு முறை வையுங்கள். 'எல்லோரும் கவனிக்க வேண்டும்' என்றால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். இந்த மாதம் மீட்டர் படிப்பவர் யார் என்று பெயர் எழுதியிருக்க வேண்டும்.

கற்றுக்கொண்டார்கள் என்று எப்படித் தெரியும்?

தேர்வு வைக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் ஒரு வெற்றுத்தாளைக் கொடுத்து, குழாய்க்கு நீர் வரும் வழியையும் கழுவிய நீர் போகும் வழியையும் வரையச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான படங்களில் ஒரு தொட்டி, ஒரு குழாய், ஒரு கழுவுதொட்டி, அதோடு ஓர் அம்புக்குறி இருக்கும். அந்த அம்பு எங்கும் போய்ச் சேராது. மூன்று மாதம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல் மீண்டும் வரையச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டாவது படத்திலும் அந்த அம்பு காகித ஓரத்திலேயே நின்றால், அடுத்த பருவத்தைக் கழிவுநீர்க் குழாயைத் தொடர்ந்து நடப்பதிலிருந்து தொடங்குங்கள்.